மூன்று சம பங்கு

காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் நீலத் திரையைக் காட்டிவிட்டு மண்டையைப் போட்டது. அணைத்துப் போட்டுப் பார்த்தாள், வயரைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். ம்ஹூம். மாலை நான்கு மணிக்குள் நூலகக் கட்டடத்தின் வரைபடங்களைப் போட்டிக்கு அனுப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் எட்டு மாத உழைப்பு அம்பேல்.

அவள் வீட்டிலிருந்தபடியே கட்டடப் படம் வரைபவள். ஒன்பது வருடமாக அவள் வரைவாள், ஒரு இன்ஜினியர் அடியில் தன் பெயரைப் போட்டுக்கொள்வார். இந்தப் போட்டியில்தான் யாரும் சொந்தப் பெயரில் கலந்துகொள்ளலாம் என்று அறிவித்திருந்தார்கள். படங்கள் போன வாரமே தயார். ஆனால் கடைசி நிமிஷம் வரை ஒரு ஜன்னலையாவது நகர்த்தாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. பென்டிரைவில் இருந்ததோ இரண்டு மாதப் பழைய பிரதி, அதில் மாடிப்படிகூட இல்லை.

"விண்டோஸ் போயிடுச்சு அண்ணி. புதுசாப் போட்டாத்தான் உண்டு" என்றான் கொழுந்தன். டயர் கடையில் மேலாளர், வீட்டில் கம்ப்யூட்டர் புலி. முந்தின நாள் அந்தப் புலி இலவசமாக இறக்கிய கார் பந்தய விளையாட்டுதான் இந்த வேலையைச் செய்தது என்பது இருவருக்கும் தெரியும். அவன் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. சண்டைக்கு நேரமில்லாததால் அவளும் விடவில்லை.

அவளுக்கு ஒரே ஒரு தைரியம் இருந்தது. இந்தக் கம்ப்யூட்டர் வாங்கிய அன்றே, ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்துக் கொடுக்கும்படி கடைக்காரரிடம் சொல்லியிருந்தாள். விண்டோஸ் ஒரு பாகத்தில், அவள் படங்கள் வேறொரு பாகத்தில். விண்டோஸை அழித்துப் போட்டாலும் படங்களின் மேல் தூசி படாது. அன்று அப்படிப் பிரிக்கச் சொன்னபோதுதான் மாமியார் குறுக்கே வந்தார். "ஒத்தைப் பெட்டி, அதையும் பிரிக்கணுமா? சரி, பிரிக்கிறதுதான் பிரிக்கிறே, என் சின்னவனுக்கும் சேர்த்துச் சமமாப் பிரி. நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது." மாமியார் தீர்ப்புக்கு அப்பீல் ஏது? ஆளுக்கு நூற்றைம்பது ஜிபி, விண்டோஸுக்கும் அதே நூற்றைம்பது. சின்னவர் தன் பங்கை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பாட்டு, படம், பைக் போட்டோ எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில், அதாவது விண்டோஸின் பங்கிலேயே கொட்டிவைத்தார்.

கொழுந்தன் விண்டோஸ் சி.டி.யைப் போட்டதும், எதை அழிக்கட்டும் என்று திரை கேட்டது. பங்குகளுக்கு அவள் வைத்த பெயர்கள் அங்கே இல்லை. வழக்கமாகப் பங்குகளின் மேல் இருக்கும் சி, டி என்ற எழுத்துகளும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றும் நூற்றைம்பது.

"முதல் பங்குதான் விண்டோஸ். எப்பவும் அப்படித்தான்" என்று அவன் மவுஸை நகர்த்தினான்.

"கையை எடுங்க!"

அந்த வீட்டில் அவள் அதுவரை அப்படிக் கத்தியதில்லை. அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. மாமியார் கரண்டியோடு வந்து வாசலில் நின்றார்.

பக்கத்தில் இன்னொரு வரிசை எண்கள் இருந்தன. ஒவ்வொரு பங்கிலும் மிச்சமிருக்கும் இடம். மூன்றாவது கிட்டத்தட்டக் காலி, அது சின்னவருடையது. முதலாவதில் முப்பத்துநாலு, இரண்டாவதில் முப்பத்தொன்று. தினமும் வேலையை முடித்ததும் தன் பங்கில் இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்துவிட்டுத்தான் அவள் எழுந்திருப்பாள். நேற்றும் பார்த்தாள். முப்பத்துநாலு.

"முதல் பங்கு என்னோடது. விண்டோஸ் ரெண்டாவதுல இருக்கு."

"நிச்சயமா அண்ணி? தப்பாப் போனா..."

"என் வீட்டுல எவ்வளவு இடம் இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

அவன் திரையைப் பார்த்தான். இரண்டு வருடக் குப்பையும் பொக்கிஷமும் அந்த இரண்டாவது பங்கில்தான். "என் போட்டோ போனாப் போகுது, நீங்களே அழுத்துங்க." அந்த ஒரு வார்த்தைக்காக அவனுடைய கார் பந்தயத்தை அவள் அங்கேயே மன்னித்துவிட்டாள்.

அழுத்தினாள்.

விண்டோஸும் படம் வரையும் சாஃப்ட்வேரும் ஆடி அசைந்து ஏறி, இன்டர்நெட் வந்து சேர்வதற்குள் மணி மூன்றரை. முதல் பங்கைத் திறந்தாள். நூலகம் முழுசாக இருந்தது, மாடிப்படி, வாசிப்பறை, நேற்று நகர்த்திய ஜன்னல் உட்பட. அவள் போட்ட சத்தத்தில் மாமியார் கரண்டியைக் கீழே போட்டார். இனி ஒரு கோட்டைக்கூட நகர்த்துவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மூன்று ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினாள்.

ஐந்தாவது வாரம் முடிவு வந்தது. மூன்று பேரும் ஒரே திரையில் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். முதல் பரிசு. மாமியார் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். "வரைந்தவர்..." என்று வாசித்து, அடுத்து இருந்த மருமகள் பெயரையும் படித்து, அதையே பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு தடவை படித்தார்.