ஜீப்பில் போன தூக்குவாளி

அம்மாவைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப் போவது கடலைக் காட்டத்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். கடல் காட்டுகிறவன் எவனும் முதல்நாள் ஜீப் டிரைவருக்குப் போன் போட மாட்டான். நான் போட்டேன். எங்கம்மா இனிமேல் ஏலத்தோட்டத்துக்கு வராது, வேறு ஆளை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று பிச்சைமணி அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

போன மாதம் ஈரச் சரிவில் வழுக்கி விழுந்ததிலிருந்து அம்மாவுக்கு முழங்கால் வீக்கம். சுவரைப் பிடித்து நடக்கிற அந்த மனுஷிக்கு, செல்போன் கடை வைத்திருக்கிற நான் பயப்படுகிறேன்.

போடிமெட்டு ஏறுகிற ஜீப்பில் அம்மாவுக்கு டிரைவர் பக்கத்துச் சீட்டு. பின்னால் உட்கார்ந்தால் வளைவுக்கு வளைவு குமட்டும். வருஷக்கணக்காகக் காத்திருந்து பிடித்த இடம். ஒருநாள் காலியாகக் கிடந்தால் மறுநாள் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள், மந்திரி பதவி மாதிரி.

காரில் அம்மா உடம்பு மட்டும்தான் வந்தது. மதுரை தாண்டும்போது, “இந்நேரம் ஜீப்பு ஆளுங்க முந்தல் செக்போஸ்ட்டுல நிப்பாங்க” என்றது. கோவில்பட்டியில் பால் விடாத கட்டஞ்சாயா குடிக்கும்போது, மேலே ஆளுக்கொரு வரிசையாக நிறை பிடித்துக் காய் எடுக்க ஆரம்பித்திருப்பார்கள் என்றது. கார் தெற்கே போகப் போக ஜீப்பு மேற்கே ஏறிக்கொண்டே இருந்தது. நான் ஒவ்வொரு ஊர் எல்லையிலும் தொண்டையைச் செருமினேன். எட்டயபுரத்தில் விக்ஸ் மிட்டாய் வாங்கிக் கொடுத்தது.

சாமி கும்பிட்டுவிட்டுக் கடலுக்கு வந்தோம். அம்மா நாலு பக்கமும் பார்த்தது.

“ஒரு மலையக் கூடக் காணோமே. எல்லாம் தொறந்து போட்ட மாதிரி கெடக்கு.”

அலை வந்து காலடி மண்ணை உருவியதும் என் கையை இறுக்கிப் பிடித்தது. இப்போது அம்மாவால் ஓட முடியாது என்ற தைரியத்தில் சொல்லிவிட்டேன். ஜீப்பு, போன், வேறு ஆள், எல்லாவற்றையும்.

அம்மா கையை விடவில்லை.

“பிச்சமணி நேத்தே சொல்லிட்டான். கூட வேலைக்கு வர்ற காளீஸ்வரிகிட்ட என் தூக்குவாளியக் குடுத்து விட்டிருக்கேன். அது என் சீட்டுல ஒக்காந்து போயிருக்கும்.”

நான் காலைப் பற்றிப் பேசினேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன், அவர் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னேன்.

“வலிக்குதுதான் அப்பு, இல்லங்கல. வீட்ல கெடந்தா அத மட்டும்தான பாத்துக்கிட்டிருக்கணும்? அங்கன்னா சோலி இருக்கு, நாலு பேரு பேச்சு இருக்கு. இந்தக் காயெடுப்பு முடியட்டும், பாப்போம்.”

போன எடுப்பிலும் இதையேதான் சொன்னது.

திரும்பும் வழியெல்லாம் தூக்குவாளியைப் பற்றித்தான் கவலை. யாராவது நகர்த்தி வைத்திருப்பார்களோ, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களோ. எனக்கும் அந்தக் கவலை தொற்றிக்கொண்டது. போடி வந்ததும் நேராகக் காளீஸ்வரி அக்கா வீட்டுக்குத்தான் வண்டியை விட்டேன். வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது அக்கா. சீட்டில் ஒரு ஈ உட்காரவில்லையாம். உள்ளே இருந்த புளிச்சோறு மட்டும் மத்தியானமே அக்கா வயிற்றில் இறங்கிவிட்டதாம்.

மறுநாள் விடிகாலையில், கூப்பிடாமலே அம்மாவோடு ஜீப்பு நிற்கிற இடத்துக்குப் போனேன். “என்ன மாப்ளே, வேற ஆள ஏத்தவா?” என்றார் பிச்சைமணி அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிக்க வேண்டியிருந்தது.

படியில் வலது காலைத் தூக்க முடியாமல் அம்மா நின்றது. திரும்பிப் பார்க்காமலே, கடலில் என்னைப் பிடித்த கையைப் பின்னால் நீட்டியது. போய்ப் பிடித்துக்கொண்டேன்.