போடாத ஆசி

இடுப்பின் இடதுபக்கம் தொடங்கிய வலி, தொடை வழியாக இறங்கிக் கெண்டைக்காலில் போய் உட்கார்ந்துகொண்டது. குருசாமி பிளாஸ்டிக் நாற்காலியில் இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தான், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தான், எழுந்து நின்றும் பார்த்தான். எதற்கும் அடங்கவில்லை.

"ஏலே, மேசைய ஆட்டாத. பகடை உருண்டு ஓடுது பாரு," என்றான் நாகராஜ்.

உத்தமபாளையத்தில் ரியாசுதீனின் பிரவுசிங் சென்டருக்கு மேலே தகரம் வேய்ந்த ஒரு அறை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. தகரத்தின் சூடு தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. போன வருசம், அதாவது இரண்டாயிரத்து ஏழில், கம்ப்யூட்டர் மேசைகளைத் தூக்கி வைக்க வந்த, அரிசி மில்லில் மூட்டை தூக்கும் இரண்டு லோடுமேன்கள்தான் நாகராஜும் குருசாமியும். அலமாரியில் கிடந்த இருபது முகப் பகடையைப் பார்த்துவிட்டு, "இது என்ன, இலந்தைக்கொட்டை கணக்கா இருக்கு?" என்று நாகராஜ் கேட்டான். பெங்களூர் ஹாஸ்டலில் ரியாசுதீன் கற்றுக்கொண்டு வந்த ஆட்டம் அது. ஆளுக்கு ஒரு காகிதம், காகிதத்தில் ஒரு ஆள். ரியாசுதீன் கதை சொல்வான்; வழியில் பூதம் வரும், பொறி வரும். என்ன செய்வது என்று இவர்கள் சொல்ல வேண்டும். நடந்ததா இல்லையா என்று பகடை சொல்லும். அடித்தவனுக்குப் புள்ளி, புள்ளி சேர்ந்தால் ஒரு படி ஏறலாம்; ஆள் செத்தால் நாற்காலி காலி.

நாகராஜின் ஆள் வேங்கையன், கோடரிக்காரன். ரியாசுதீனின் தங்கை அப்ரின், பி.காம். கடைசி வருசம், வில்லாளி. குருசாமி மந்திரக்காரன். அவனுடைய முக்கிய மந்திரம் ஆசி. யாருக்குப் போடுகிறானோ அவருக்கு விழுந்த எண்ணோடு மூன்று கூடும். அவ்வளவுதான்.

வாரத்தில் ஆறு நாளும் குருசாமி இடுப்பாக இருந்தான். இந்த மூன்று மணி நேரம் மட்டும் இடுப்பே இல்லாத ஒரு மந்திரக்காரனாக இருந்தான். இன்று அதற்கும் கேடு வந்திருந்தது. அடுத்த வாரத்திலிருந்து தன் மச்சினன் முத்துவீரனைக் கூட்டி வருவதாக வந்ததுமே நாகராஜ் சொல்லிவிட்டான். முத்துவீரன் தீ மந்திரக்காரனாக வருவானாம்.

"அப்ப நான்?"

"நீயும் வா மாப்ள. சும்மா உக்காந்து பாரு. மூணு பேருக்கு மேல ஆடுனா இழுவையாப் போகும்னு ரியாசே சொல்லியிருக்கான்ல?"

ரியாசுதீன் ஆட்ட விதிப் புத்தகத்தின் ஜெராக்ஸ் தாள்களுக்குள் முகத்தை வைத்துக்கொண்டான்.

"நான் என்ன கொறை வச்சேன் மாமா?"

"கொறையெல்லாம் இல்ல. நாங்க நாலாம் படியில நிக்கிறோம். நீ இன்னும் ரெண்டாம் படியிலயே கெடக்க. உன்னையும் சேத்துல்ல இழுத்துக்கிட்டுப் போக வேண்டியிருக்கு."

"அடிச்சவனுக்குத்தான் புள்ளின்னா நான் எப்படி ஏறுவேன்? ஏன் ரியாசு, புத்தகத்துல அப்படியா இருக்கு?"

"எங்க ஹாஸ்டல்ல அப்படித்தான்ணே ஆடுனோம்," என்றான் ரியாசுதீன்.

"மில்லுல எப்படி? போன வருசம் என் இடுப்பு போனப்ப, முதுகுல மூட்டைய தூக்கி விடுறவனுக்கும் சமபங்கு குடுத்தாகணும்னு மேஸ்திரிகிட்ட மல்லுக்கட்டினது யாரு? நீதான?"

"அது மூட்டை மாப்ள. மூட்டை திருப்பி அடிக்காது."

அப்ரின் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். "கோவிச்சுக்காதீகண்ணே. கணக்காப் பாத்தா, இருபது முகத்துல மூணு முகத்துக்குத்தான் உங்க ஆசி வேலை செய்யும். இப்ப பதினஞ்சு வேணும்னு வைங்க. பன்னெண்டு, பதிமூணு, பதினாலு விழுந்தா ஆசி காப்பாத்தும். அதுக்குக் கீழ விழுந்தா ஆசி போட்டும் புண்ணியமில்ல. அதுக்கு மேல விழுந்தா ஆசியே தேவையில்ல."

"அப்ப பதினேழு முகத்துக்கு நான் தண்டம்."

"நான் அப்படிச் சொல்லல."

"கணக்கு சொல்லுதுல்ல."

நாகராஜ் தொடையில் தட்டிச் சிரித்தான். குருசாமி சிரிக்கவில்லை. தன் காகிதத்தின் அடியில், கைமறைவில், போன வாரம் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தான். கைத்தடியால் தட்டிச் சேர்த்த சில்லறைப் புள்ளியில் இரண்டாம் படிக்கு வந்தபோது புதிதாக ஒரு மந்திரம் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. தீக்கணை எடுத்திருந்தான். ரியாசுதீனுக்கு மட்டும் தெரியும்.

ஆட்டம் தொடங்கியது. மலையைக் குடைந்து தண்ணீர் வரும் சுரங்கம். உள்ளே, வண்டி உயரத்துக்கு ஒரு நண்டு.

"நண்டுக்கா இத்தன பேரு?" என்றான் நாகராஜ். "ரசம் வச்சுருவோம்லே."

நண்டின் ஓட்டில் கோடரி இறங்கப் பதினைந்து வேண்டும். மூன்று சுற்றிலும் குருசாமி ஆசி போட்டான். முதல் சுற்றில் நாகராஜுக்கு நாலு, அடுத்து ஆறு, அதற்கடுத்து பத்தொன்பது. அப்ரின் சொன்ன கணக்குப்படியே மூன்று ஆசியும் வீண். பத்தொன்பது விழுந்தபோது, "பாத்தியா, இது நம்ம கை," என்று நாகராஜ் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். இதற்குள் நண்டு இரண்டு முறை அடித்திருந்தது. வேங்கையனிடம் ஆறு உயிர்ப்புள்ளிதான் மிச்சம். ஒரு ஆட்டத்துக்கு நாலு மந்திரம்தான்; குருசாமியிடம் ஒன்று மிச்சம்.

"போடு மாப்ள, போடு. வழக்கம்போல."

அந்த 'வழக்கம்போல'தான் குருசாமியைச் சுட்டது. கெண்டைக்கால் இழுத்தது. எழுந்து நின்றான்.

"தீக்கணை," என்றான்.

"என்னது?"

"தீக்கணை போடுறேன். நண்டு மேல."

நாகராஜ் காகிதத்தை எட்டிப் பார்த்தான். "இது எப்பலேருந்து? ஏலே, நான் முன்னால நிக்கிறேன்ல?"

"அதான் உங்கிட்ட கை இருக்குல்ல மாமா."

குருசாமி பகடையைப் போட்டான். பதினெட்டு. தீ நண்டின் ஓட்டைப் பிளந்து ஒரு கொடுக்கைப் பொசுக்கியது என்றான் ரியாசுதீன். எட்டு மாதத்தில் முதல்முறையாக அவன் மந்திரம் ஒன்றை அடித்திருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

நாகராஜ் பகடையை இரண்டு கையிலும் பொத்திக் குலுக்கிப் போட்டான். மேசை விளிம்பு வரை உருண்டு போய் நின்றது.

பதிமூன்று.

அப்ரின் தலையைக் குனிந்துகொண்டாள்.

மிச்சமிருந்த கொடுக்கு வந்தது. ரியாசுதீன் மெதுவாகச் சொன்னான்: "ஒம்பது." ஆறில் ஒன்பது போனால் ஆள் இல்லை. பிறகு அப்ரின் அம்பு விட்டாள். தீ பிளந்த இடத்திலேயே அது இறங்கி நண்டு செத்தது.

"அந்தத் தீ இல்லேன்னா அம்பு இறங்கியிருக்காது," என்றான் ரியாசுதீன், யாரையும் பார்க்காமல். "ஆசி போட்டிருந்தா பதினாறு, கோடரி இறங்கியிருக்கும். அதோட நண்டு செத்திருக்குமா, இல்ல திருப்பி அடிச்சிருக்குமா, சொல்ல முடியாது."

"சொல்ல முடியாதுன்னா என்ன பேச்சு?" நாகராஜ் தன் காகிதத்தை எடுத்தான். எட்டு மாதம் அழித்து அழித்து எழுதியதில் நடுவில் ஓட்டை விழுந்த காகிதம். கிழிப்பான் என்று நினைத்தார்கள். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "சரிப்பா. நாற்காலிக்குச் சண்டையில்ல. என்னுதுதான் காலி."

"மாமா, நான் வேணும்னே..."

"வேணும்னுதான்லே செஞ்ச. பொய் சொல்லாத."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான். படியில் அவன் காலடிச் சத்தம் கடைசிப் படி வரை கேட்டது.

குருசாமி உட்காரவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் அலைந்தான். "உயிர் குடுக்குற மந்திரம் எதுவும் இல்லியா ரியாசு?"

ரியாசுதீன் தாள்களைப் புரட்டினான். "இருக்குண்ணே. உயிர்மீட்பு. அதுவும் ஆசி மாதிரி துணை மந்திரந்தான். ஆனா அஞ்சாம் படியில கெடைக்கும். நீங்க இன்னைக்கு அடிச்சதுக்கு மூணாம் படி வந்துட்டீக. இன்னும் ரெண்டு."

"அதுக்கும் அடிச்சாத்தான் புள்ளியா?"

"அடிச்சாத்தான்."

திங்கட்கிழமை காலை மில்லில் நெல் லாரி நின்றது. உயிர்மீட்பைப் பற்றி வந்ததுமே நாகராஜிடம் குருசாமி சொல்லியிருந்தான். குருசாமியும் இன்னொருவனும் மூட்டையின் மூலைக்காதுகளைப் பிடித்துத் தூக்கி விடும் இடத்தில் நின்றார்கள். நாகராஜ் வரிசையில் வந்து, வழக்கம்போல முதுகைத் திருப்பிக் குனிந்தான். குருசாமிக்குக் கை ஒரு கணம் எழவில்லை. பிறகு தூக்கினார்கள். பிடரியில் சரியாக உட்கார வைத்தான், ஒரு விரல்கூடப் பிசகாமல்.

மூட்டைக்கு அடியிலிருந்து நாகராஜின் குரல் வந்தது. "எத்தன ஞாயிறு ஆகும்?"

"ஒம்பது, பத்து ஆகும் மாமா. நான் அடிச்சுக்கிட்டே இருந்தா."

"அதுவரைக்கும் நான் செத்துக் கெடக்கணும்."

"ஆமா."

"அப்ரினுக்கு எவன் ஆசி போடுவான்?"

நாகராஜ் பதிலுக்கு நிற்கவில்லை. மூட்டை அடுக்குக்குச் சாய்த்திருந்த பலகையில் ஏறிப் போனான். பின்னால் அடுத்தவன் குனிந்தான். குருசாமி மூட்டையின் காதைப் பிடித்தான். இடுப்பு சுருக்கென்றது. இன்னும் இரண்டு படி. அதுவரை நாகராஜின் உயிர் ஒன்று அவன் பேரில் பாக்கி.