பினிக்னிட்டில் மிதந்த மீன்

புனித வெள்ளியன்று எங்கள் கார்கார் ஊரில் கறி கிடையாது, சத்தம் கிடையாது, பினிக்னிட் மட்டும் உண்டு. தேங்காய்ப்பாலில் கிழங்கும் வாழைப்பழமும் பலாச்சுளையும் அரிசிமாவு உருண்டையும் இனிப்பாகக் கொதிக்கும். எல்லா வீட்டிலும் அதையேதான் காய்ச்சுவோம். பிறகு, காய்ச்சாத வீடு ஏதோ இருப்பதுபோல, ஒருவருக்கொருவர் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தனுப்புவோம்.

எங்கள் வீட்டில் கரண்டி என் மாமியார் மெல்கோராவின் கையில். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்குக் கத்தி மட்டும்தான்.

"அத்தை, இந்தத் தடவை நான் காய்ச்சட்டுமா?"

"நீயா? பாலைத் திரிய விட்டு என் மானத்தை வாங்கவா? போ, கிழங்கை நறுக்கு."

வருடந்தோறும் இதே பதில்தான். வந்த எரிச்சலில் சர்க்கரைவள்ளித் துண்டுகள் சிலவற்றை வாலும் துடுப்புமாக மீன் மாதிரி செதுக்கிப் போட்டேன். கண்ணாடி போடுவது அத்தைக்குக் கௌரவக் குறைச்சல், அதனால் கவனிக்கவில்லை. அடுப்பைத் திகுதிகுவென்று எரியவிட்டுக் கிண்டினார். பால் திரிந்தது. எனக்கென்ன வந்தது, நான்தான் கத்திக்காரி ஆயிற்றே!

பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பினோம். எதிர்வீட்டுக் கிளாரிட்டாவுக்கு மட்டும் இல்லை. அவளுக்கும் அத்தைக்கும் சமையல் விஷயத்தில் ஏழாம் பொருத்தம்.

மத்தியானம் கிளாரிட்டாவின் பூப்போட்ட கிண்ணம் எங்கள் வீட்டுக்கு வந்தது. அத்தை ஒரு வாய் வைத்ததும் முகம் கோணியது.

"பாரு, திரிஞ்சு கிடக்கு! இதக் காய்ச்சினவளயெல்லாம் அடுப்பங்கரைப் பக்கமே விடக்கூடாது."

"அவ்வளவு மோசமா அத்தை?"

"மோசமான்னா கேக்குற? இவளுக்கு நீயே தேவலடி!"

கிண்ணத்தில் என் மீன் மிதந்துகொண்டிருந்தது. நாங்கள் கொடுத்தனுப்பியதுதான் பக்கத்து வீடு சுற்றிக் கிளாரிட்டா வழியாக எங்களிடமே திரும்பியிருக்கிறது. எங்கள் பானையிலிருந்து இன்னொரு மீனை அள்ளி அதன் பக்கத்தில் விட்டேன்.

அத்தை கிண்ணத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு பானையைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

"கிழங்க இப்படி வெட்டினா பால் திரியாம என்ன செய்யும்?" என்றார். பிறகு கரண்டியை என் பக்கம் தள்ளி, "அடுத்த வருஷம் நீயே காய்ச்சு. நான் நறுக்குறேன்."

கிளாரிட்டாவின் கிண்ணத்தைக் கழுவி எடுத்துவந்தேன்.

"வெறும் கிண்ணமாவா அனுப்புவாங்க?" என்று அதட்டினார் அத்தை. "நம்ம பானையிலேருந்து ஊத்திக் குடு. மீன் இல்லாமப் பாத்து ஊத்து."