டாக்டர் மாரோ சொல்லாத வரி

ஆறரைக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். இரண்டு முட்டை, ஒரு வறுத்த ரொட்டி. வாசலில் கிடந்த செய்தித்தாளை எடுத்து மேசையில் வைத்தேன். பிரிக்கவில்லை. ஏழே முக்காலுக்குக் காரை எடுத்தேன். ஆலிவ் அவென்யூவில் மூன்று சிக்னல், மூன்றும் சிவப்பு. எட்டு மணிக்கு ஸ்டூடியோ வாசலில் காவலாளி தடுப்பைத் தூக்கினார். எட்டு பத்துக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் மனைவியின் குரலை வெட்டத் தொடங்கினேன்.

அதுதான் என் வேலை. 'பெரிக்ரின்' என்ற சனிக்கிழமை காலைக் கார்ட்டூனுக்கு நான் வசன எடிட்டர். வல்லூறு முகமூடி போட்ட பெரிக்ரின் நகரத்தைக் காப்பாற்றுவான். அவனை மூன்று வருடங்களாக ஆட்டிவைக்கும் வில்லி டாக்டர் ஆல்மா மாரோ, மனநல மருத்துவர். அந்தக் குரல் டெலியாவுடையது. டெலியா பிப்ரவரியில் இறந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. முப்பத்துநான்கு வயது. இப்போது மே. கடைசி எபிசோட் மட்டும் பாக்கி. அதற்கும் அவள் ஜனவரியிலேயே பேசி முடித்திருந்தாள்.

டாக்டர் மாரோவிடம் ஆயுதம் கிடையாது. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு நோட்டுப்புத்தகம், ஒரு தொட்டிச் செடி. வருகிறவர்களிடம் அன்பாகப் பேசுவாள். பேசிக்கொண்டே ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவாள். மிச்சத்தை எதிரில் இருப்பவர் சொல்லி முடிப்பார். சொல்லி முடித்ததும் அது தன்னுடைய எண்ணம் என்றே நம்பிவிடுவார். மேயர் அப்படித்தான் பதவியை விட்டார். ஒரு தீயணைப்பு வீரன் அப்படித்தான் நூலகத்துக்குத் தீ வைத்தான்.

டெலியா இதை வீட்டில் பழகிப் பார்ப்பாள். ஒரு நாள் சமையலறைச் சுவரைப் பார்த்து, "இந்த வெள்ளை என்னமோ ஒரு மாதிரி..." என்று நிறுத்தினாள்.

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு," என்றேன்.

"அட, நீ சொன்னப்புறம்தான் எனக்கே தோணுது. அப்ப என்ன பண்ணலாங்கிற?"

அந்த சனிக்கிழமை டெலியா கொண்டுவந்து வைத்த மஞ்சள் பெயிண்டை நான் சுவருக்கு அடித்தேன். இரண்டாவது பூச்சின்போதுதான் டப்பா மூடியைப் பார்த்தேன். கடையில் வண்ணம் கலந்த தேதி ஒட்டியிருந்தது. நாங்கள் பேசியதற்கு ஒரு வாரம் முந்தைய தேதி.

திங்கட்கிழமை சேனலிலிருந்து க்ரியர் வந்தான். இருபத்தெட்டு வயது, புதுச் சட்டை. கடைசி எபிசோடைப் போட்டுக் காட்டினோம். பெரிக்ரின் டாக்டர் மாரோவைப் பிடித்துச் சிறையில் அடைக்கிறான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். அவன் போய்விடுகிறான். முடிந்தது.

"ரொம்ப இருட்டா இருக்கு," என்றான் க்ரியர். "பிள்ளைங்க இதுலேருந்து என்ன கத்துக்கும்? அவ ஒரு வரி சொல்லட்டும். 'எனக்கு உதவி வேணும்.' அவ்வளவுதான். உதவி கேக்கறது தப்பில்லன்னு தெரியும்ல."

பதிவுகளை நடத்துபவர் பெயர் ரூத்தான்; அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சொல்லவேண்டியவ செத்துப் போயிட்டாப்பா."

க்ரியர் என்னைப் பார்த்தான். "மன்னிச்சிருங்க, ஓவன்."

"பரவால்ல."

"மூணு வருஷப் பதிவு இருக்கே. அதுலேருந்து கோத்து எடுக்க முடியாதா? முடியலன்னா சொல்லிடுங்க. வேற ஒருத்தங்கள வெச்சு எபிசோட் முழுக்கத் திரும்பப் பேச வெச்சுடலாம். நடுவுல குரல் மாறுனா நல்லாருக்காது."

"எப்ப வேணும்?"

"வியாழக்கிழமை காலைல."

அவன் போனதும் ரூத்தான் சொன்னார்: "என் கார் இவனவிட மூத்தது."

ஆக, மூன்று சொற்கள். கிடைக்காவிட்டால் கடைசி எபிசோடில் டெலியா இருக்கமாட்டாள்.

'எனக்கு' ஒன்பதாம் எபிசோடில் கிடைத்தது. 'உதவி' இருபத்தொன்றில். 'வேணும்' முப்பதில். செவ்வாய் காலை பத்து மணிக்குள் ஒட்டிவிட்டேன். முதுகுதானே தெரிகிறது, உதடுகளோடு பொருத்த வேண்டியதில்லை. ரூத்தானைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன்.

"ஒட்டே தெரியல," என்றார். "ஆனா கடைல நின்னு அரைக் கிலோ சீஸ் கேக்கற மாதிரி இருக்கு."

அப்படித்தான் இருந்தது. முப்பத்தெட்டு எபிசோடுகளில் டாக்டர் மாரோ 'உதவி' என்ற சொல்லை அறுபது தடவைக்கு மேல் சொல்லியிருக்கிறாள். எல்லாமே 'உனக்கு உதவத்தானே நான் இருக்கேன்' என்கிற பொய். எங்கள் தொழிலில் ஒவ்வொரு வரியையும் அடுத்தடுத்து மூன்று விதமாகச் சொல்வார்கள், ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். ஒதுக்கியவற்றையும் கேட்டேன். அவற்றிலும் பொய்தான். நன்றாகப் பொய் சொன்னாள்.

அன்று மதியம் இன்னொன்றும் புரிந்தது. அவளை எதை வேண்டுமானாலும் பேச வைக்க என்னால் முடியும். என் பெயரும் பதிவுகளில் இருந்தது. மைக் சரியில்லை என்றால் என்னைத்தான் கூப்பிடுவாள். அந்த 'ஓவன்' என்பதை எடுத்து வைத்தேன். பதினேழாம் எபிசோடிலிருந்து 'வீட்டுக்குப் போலாம்' என்பதைப் பக்கத்தில் வைத்தேன். ஓட்டிப் பார்க்கவில்லை. அழித்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்து மூச்சுகளைத் திறந்தேன். வசனங்களுக்கு நடுவில் வரும் மூச்சை வெட்டி எடுத்துவிடுவது வழக்கம். மற்றவர்கள் எறிந்துவிடுவார்கள். நான் சேர்த்து வைப்பேன், எங்காவது தேவைப்படும். டெலியாவின் மூச்சுகள் நானூற்றுப் பத்து. ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதியிருந்தேன். சிரிப்புக்கு முன். பொய்க்கு முன். ஏப்பத்தை அடக்கியபின். கடைசிப் பதிவின் மூச்சுகளை மட்டும் இன்னும் பிரிக்கவில்லை.

அதில் ஒன்று வேறு மாதிரி இருந்தது. சிறைக் காட்சியில் ஒரு வரியை இரண்டாம் தடவை சொல்லி முடித்து, மூன்றாவதைத் தொடங்கப் போகிறாள். மூச்சை இழுக்கிறாள். ஏதோ சரியில்லை என்று தோன்றி, சொல்லாமல் நிறுத்துகிறாள். அவ்வளவுதான். ஒன்றரை வினாடி.

அதைப் படத்தில் வைத்தேன். ஜன்னலருகே முதுகு. பெரிக்ரினும் நமக்கு முதுகைக் காட்டிக் கதவுப் பக்கம் போகிறான். மூச்சு. அவன் நிற்கிறான், அவன் நிற்பது படத்தில் முன்பே இருந்தது, கதவைத் திறக்க. இப்போது அவள் ஏதோ சொல்ல வந்ததால் நின்றது போல இருந்தது.

ரூத்தான் மூன்று தடவை பார்த்தார். "மிச்சத்த அவன் சொல்லணும்," என்றார்.

புதன்கிழமை லயனல் வந்தார். பெரிக்ரினின் குரல். அறுபத்திரண்டு வயது, சிரிக்கும்போது தொப்பை குலுங்கும்.

"என் வரிக்கு முன்னாடி அவ என்ன சொல்றா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல," என்றேன். "மூச்சுதான்."

"போடு, கேக்கறேன்."

போட்டேன். லயனல் ஹெட்போனைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மூச்சு முடிந்தது. மூன்று தடவை சொன்னார். முதலாவது வீரனின் குரல். இரண்டாவது, பக்கத்து வீட்டுக்காரரின் குரல்.

"உங்களுக்கு உதவி வேணும், டாக்டர்."

மூன்றாவதை முடித்துவிட்டுக் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார். "கவனிச்சீங்களா? கடைசி எபிசோட்ல என்னையே சொல்ல வெச்சுட்டா. மூணு வருஷம் தப்பிச்சேன்."

"கள்ளி," என்றார் ரூத்தான்.

இரண்டாவதை எடுத்துக்கொண்டோம். மூவரும் தெருமுனை வண்டியில் டாக்கோ வாங்கி, நின்றபடியே சாப்பிட்டோம். லயனல் தன் சட்டையெல்லாம் சல்சா சாஸைச் சிந்திக்கொண்டார். வெயில் அதிகமில்லை. நன்றாக இருந்தது.

வியாழக்கிழமை க்ரியர் வந்து உட்கார்ந்தான். நான் ஒன்றும் விளக்கவில்லை. ஓட்டினேன். ஜன்னல், முதுகு, மூச்சு, லயனலின் வரி, கதவு. விளக்கைப் போட்டேன்.

க்ரியர் நாற்காலியை என் பக்கம் திருப்பினான். பிறகு, "இதத்தான் கேட்டேன்," என்றான். "உதவி வேணும்னு அவ சொல்றா பாருங்க, அந்த இடம் அருமை. எப்படி எடுத்தீங்க?"

மேசைக்கடியில் ரூத்தான் என் காலை மிதித்தார்.

"பழைய பதிவுதான்," என்றேன்.

"அவங்க குரல்லயே இருக்கட்டும். யாரும் இனி எதையும் மாத்த வேணாம்."

"சரி."

அவன் எழுந்து கதவு வரை போய்த் திரும்பினான். "எபிசோட் கடைசில அவங்க பேர் போட்டு திரைல ஒரு கார்டு வெக்கலாம்னு சேனல்ல சொல்றாங்க. பேருக்குக் கீழ ஒரு வரி இருந்தா நல்லாருக்கும். கடைசியா ஏதாவது சொன்னாங்களா? இல்ல, நீங்களே அழகா ஒண்ணு எழுதிக் குடுத்தாலும் சரி."

எழுதிக் கொடுத்திருக்கலாம். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

"பேர் மட்டும் போதும்," என்றேன்.

"ஒண்ணுமே சொல்லலையா?"

"சொன்னா. அன்னிக்குக் கடைலேருந்து போன் பண்ணியிருந்தா."

க்ரியர் காத்திருந்தான். ரூத்தானும் என் பக்கம் திரும்பினார். அவரிடமும் நான் இதைச் சொன்னதில்லை. சொன்னேன்.

"'அவகாடோ எல்லாம் கல்லு மாதிரி இருக்கு ஓவன், எலுமிச்சை மட்டும் வாங்கிட்டு வர்றேன்.'"