குதிகால் கொப்புளமும் தங்கப் பதக்கமும்

நொண்டிக்கொண்டே போய் நடைப்போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கிய ஒரே மனிதன், இந்தப் பூமியில் நான்தான்.

அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கான போட்டி அது. முந்தின நாள் புது ஷூவைப் போட்டுக்கொண்டு ஊரையே சுற்றியதில் குதிகாலில் கொப்புளம் எழும்பிவிட்டது. ஆரஞ்சுப் பழம் அளவு என்பேன் நான். நர்ஸாக இருந்து ரிட்டயரான என் மனைவி, பட்டாணி அளவு என்பாள்.

"மூணு மாசமா பழகினேனே, எல்லாம் போச்சே!" என்று புலம்பினேன்.

"காலை ஆட்டாதீங்க!" என்று அதட்டி, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்தாள். தோலை உரிக்காமல் மருந்து தடவிக் கட்டுப்போட்டாள்.

கூடவே போட்டியிட இருந்த மச்சினன் எட்டிப் பார்த்தான். "நீங்களாவது, கோட்டைத் தொடுறதாவது! பேசாம படுங்க அத்தான்."

மறுநாள் விசில் ஊதியதும் எல்லோரும் பறந்தார்கள். கட்டுப் பிய்ந்துவிடுமோ, கொப்புளம் கிழிந்துவிடுமோ என்று நான் மட்டும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, பாதத்தைத் தரையில் தேய்த்தபடி நகர்ந்தேன். ஆமை பார்த்திருந்தால் சிரித்திருக்கும்.

நடைப்போட்டியில் இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டால் அது ஓட்டம். முந்துகிற வெறியில் அத்தனை பேரும் ஓட, நடுவர் ஒவ்வொருவராக வெளியே அனுப்பினார். மச்சினன்தான் முதல் பலி.

மிச்சம் நான் ஒருவன். கடைசிச் சுற்றில் குதிகால் நெருப்பாய் எரிந்தது. நின்றுவிடுவேனோ என்று பயந்து பயந்தே கோட்டைத் தாண்டினேன்.

மச்சினன் என் மனைவியிடம் முனகினான்: "அக்கா, யார் சொல்லியிருந்தாலும் புளுகுன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா என் கண் முன்னாலேயே அத்தான் நிஜமாவே ஜெயிச்சுட்டார்."