எதிர்ப்பு வராவிட்டால் சம்மதம்

ஏழரை மணிக்கு டிவியைப் போட்டுவிடுங்கள், இணைப்பை அனுப்பிவிட்டேன் என்று சொல்லத்தான் ஜெனிலா சிலுவைக்குப் போன் போட்டாள். சிலுவை அந்த ஊர்க்கமிட்டித் தலைவர். பெரியதாழைப் பாதையில், வரைபடத்தில் தேடினால்தான் அகப்படும் சின்னக் கடற்கரை ஊர். அவள் வாசிக்கப்போகும் அறிக்கையைப் பற்றி அவர் நிதானமாகச் சொன்னார்.

"வியாழக்கிழம அனுப்புன காயிதமா? அதத்தான் நாங்க ஒத்துக்கிடலயே தங்கச்சி."

ஜெனிலா கடிகாரத்தைப் பார்த்தாள். அப்போது செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி.

நியூயார்க்கில் அன்று காலைக் கூட்டம். வளர்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வரும், யாருக்கு என்ன நிபந்தனையில் கடன் கொடுப்பது என்று நாடுகள் கூடிப் பேசும். முதலில் அரசுகள், பிறகு வங்கிகள், கடைசியில் மக்கள் அமைப்புகள். உலகத்து மக்கள் அமைப்புகள் அத்தனைக்கும் சேர்த்து இரண்டு நிமிடம். கடன் வந்து சேர்ந்த கரையிலிருந்து ஒரு குரல் கேட்கட்டும் என்று அந்த அமைப்புகளின் கூட்டமைப்பு இந்த முறை ஜெனிலாவைத் தேர்ந்திருந்தது. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துப் பக்கம், சரக்கு ஏஜென்சி ஒன்றின் மாடியில் இருக்கும் தொண்டு நிறுவனத்தில் அவளுக்கு வேலை. அங்கிருந்தே கணினி வழியாகப் பேச வேண்டும்.

சிலுவையின் ஊர்ச் சங்கதி இதுதான். பக்கத்து ஊருக்கு வெளிநாட்டுக் கடனில் ஒரு தூண்டில் வளைவு கட்டினார்கள். தூண்டில் முள்போல் வளைந்து கடலுக்குள் போகும் கல்சுவர். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அலை கரையில் நேராக மோதாது, சாய்ந்து வந்து மோதும். ஒவ்வொரு மோதலிலும் ஒரு பிடி மணலை வடக்கே நகர்த்திவிட்டுப் போகும். கரை என்பது அப்படி நடந்துகொண்டே இருக்கிற மணல்தான். நடுவில் சுவர் வந்தால் மணல் சுவரின் தெற்கே நின்றுவிடும். வடக்கே அலை மட்டும் வந்து சேரும். கொண்டுவர மணல் இல்லாத அலை, இருக்கிற மணலை அள்ளிக்கொண்டு போகும். வடக்கே இருந்தது சிலுவையின் ஊர். இதுவரை பதினேழு வீடு போயிற்று.

ஊர் சொல்லச் சொன்னது ஒரே வாக்கியம்: புதுக் கடன் கொடுக்கும் முன், பழைய கடனால் அழிந்த கரையைச் சரிசெய்யுங்கள். கூட்டமைப்பின் பொது அறிக்கை பல கை மாறி வந்தபோது அந்த இடத்தில், கடலோரப் பாதுகாப்புக் கட்டுமானங்களுக்குக் கூடுதல் நிதி ஒதுக்குவதை வரவேற்கிறோம் என்று இருந்தது. இன்னும் கல் போடுங்கள் என்றுதான் அதற்கு அர்த்தம்.

ஜெனிலா வியாழக்கிழமையே அதைத் தமிழில் எழுதி ஊருக்கு அனுப்பினாள். சனிக்கிழமை வரை பதில் இல்லை. ஊர் சொல்லாததை நாம் சொல்லக் கூடாது என்பது அவள் நிறுவனத்தின் சட்டம். அதனால் அவளும் கூட்டமைப்பிடம் வாய் திறக்கவில்லை. அங்கேதான் சிக்கிக்கொண்டாள். கூட்டமைப்பில் முந்நூறு அமைப்புகள், ஆளுக்கொரு கடிகாரம். ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்கி முடியாது. ஆகவே குறித்த நேரத்துக்குள் எதிர்ப்பு வராவிட்டால் சம்மதம் என்று வைத்திருந்தார்கள். சனிக்கிழமையோடு நேரம் முடிந்தது.

"நீங்க ஒண்ணுமே சொல்லலியே அண்ணாச்சி."

"அதான. ஞாயித்துக்கிழம பூசைக்குப் பொறவு வாசிச்சோம். ஒருத்தரும் வாயத் தொறக்கல. அப்ப முடிஞ்சிபோச்சில்லா."

அந்த ஊர்க் கூட்டத்தில் பிடித்திருந்தால் 'சரி' என்று சத்தம் போடுவார்கள். பிடிக்காவிட்டால் ஒருவரும் பேச மாட்டார்கள். எதிர்த்துப் பேசிவிட்டு மறுநாள் விடியலில் அதே ஆளோடு ஒரே வள்ளத்தில் போக வேண்டுமே. பேச்சே எழாத விஷயம் செத்த விஷயம். செத்ததைப் போய் யாரிடம் சொல்வது? கடல் இல்லாத நாசரேத் ஊரில் வாத்தியார் வீட்டில், கை தூக்கி ஓட்டுப் போடும் திருச்சபைக் கூட்டங்களைப் பார்த்து வளர்ந்த ஜெனிலாவுக்கு இது தெரியாது.

நைரோபியில் இருந்த கூட்டமைப்பின் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதினாள். பதில் உடனே, மரியாதையாக வந்தது. வருத்தம்தான், ஆனால் திருத்தும் நேரம் முடிந்துவிட்டது.

நிறுவனத் தலைவர் அருமைநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏளா, பேப்பர் நேத்தே அங்கன ஏறிட்டு. ஒரு வார்த்த மாத்தி வாசிச்சா மைக்க அமத்திருவான். அடுத்த வருசம் இந்தக் கரைக்கு எடம் கெடயாது." பிறகு அவரே சிரித்தார். "ரெண்டு நிமிசம், முந்நூறு பேரு. ஆளுக்கு அரை விநாடி கூட இல்ல. அதுக்குள்ள போயி மாட்டிக்கிட்டியே."

அரசுகளும் வங்கிகளும் பேசி முடித்து, ஒன்பது ஐம்பதுக்கு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கை அவள் திறக்க முடியாது, அங்கிருந்துதான் திறப்பார்கள். திரையின் மூலையில் சிவப்பு எண்கள் இறங்கத் தொடங்கின. ஊரில் வலை பின்னும் கூடத்து டிவி முன்னால் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். வாசித்தாள். வட்டி, கடன் சுமை, வரி எல்லாம் சரியாகவே போயிற்று. ஐம்பத்திரண்டு விநாடி மிச்சமிருக்கையில் அந்த வாக்கியம் வந்தது.

நிறுத்தினாள்.

மாற்றி வாசிக்கவில்லை. வாசிக்கவும் இல்லை. காமிராவைப் பார்த்தபடி உதட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பது, முப்பத்தொன்பது. மொழிபெயர்ப்பாளர்களின் குரலும் நின்றது. இருபதில் நியூயார்க் கூட்டத்தின் தலைவர் தன் மைக்கைத் திறந்து, இணைப்பு அறுந்துவிட்டது போலிருக்கிறது, முழு அறிக்கையும் இணையதளத்தில் இருக்கிறது, நன்றி என்றார். அதோடு கூட்டத்தை முடித்தார்கள்.

அருமைநாயகம் ஆறிப்போன டீயை அவள் பக்கம் நகர்த்தினார். இணையதளத்தில் அவள் பெயருக்குக் கீழே அறிக்கை முழுசாக இருந்தது. அந்த வாக்கியமும் இருந்தது.

சிலுவை கூப்பிட்டார். "ஊருக்கு வெளங்கிட்டு தங்கச்சி. டிவிய அமத்தக்கூட ஒருத்தரும் எந்திரிக்கல. அங்கன உள்ளவங்களுக்கு?"

"நெட்டு போயிட்டுன்னு நெனச்சிட்டாங்க அண்ணாச்சி."

அவர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை.

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த மின்னஞ்சல் வந்தது. கூட்டமைப்பின் இறுதிப் பிரகடன வரைவு. அதே வாக்கியம், ஆறாவது பத்தியில். வரும் சனிக்கிழமைக்குள் எதிர்ப்பு வராவிட்டால் சம்மதம். அவள் சிலுவைக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அங்கே பேசாமலிருந்தால் ஒத்துக்கொண்டதாகக் கணக்கு. இந்த முறை ஊரிலிருந்து 'வேண்டாம்' என்று ஒரே ஒரு வார்த்தை வந்தால் போதும், மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.

"கூட்டம் ஞாயித்துக்கிழமதானம்மா."

"நடுவுல கூட்ட முடியாதா?"

"கூட்டலாம். கோயில் மணிய அடிக்கணும். அதுக்குக் கடல்ல ஆளு காணாமப் போயிருக்கணும்."

"பதினேழு வீடு போயிருக்கே அண்ணாச்சி."

மறுமுனையில் பேச்சில்லை. அலைச் சத்தம் மட்டும் கேட்டது, போன மாதத்தைவிடக் கிட்டத்தில். ஜெனிலா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பேசாததுதான் 'முடியாது' என்ற பதில் என்பது இன்று மாலை ஆறு மணி வரைக்கும்தான் அவளுக்குத் தெரியாமலிருந்தது.