அய்யாக்கண்ணு அடித்த பெனால்டி கார்னர்

கனடாவில் பனிக்கட்டி மேல் சறுக்கிக்கொண்டே ஹாக்கி ஆடுகிறார்களாம். மட்டையைத் தலைக்கு மேல் ஓங்கி அடிக்கிற அடிக்கு அங்கே ஸ்லாப் ஷாட் என்று பெயராம். உலகத்திலேயே பலமான அடி அதுதான் என்று பஸ் ஷெட்டில் ஒருத்தர் பத்திரிகையில் படித்துவிட்டு வந்து என்னிடம் வாதாடினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைக்கு மேல் ஓங்கினால் யார்தான் அடிக்க மாட்டான்? தரையில் ஆடுகிற எங்கள் ஹாக்கியில் மட்டை தோளைத் தாண்டினால் அம்பயர் விசில் ஊதிவிடுவார். தோளுக்குக் கீழேயே வைத்து அந்த அடி அடித்தவன் அய்யாக்கண்ணு. அவனைப் பார்க்காதவர்கள் பலமான அடியைப் பற்றிப் பேசவே கூடாது.

அதே ஷெட்டில் அந்தக் காலத்தில் அவனுக்கு பஸ் டயர் கழற்றுகிற வேலை. மணிக்கட்டு அதிலேயே இறுகிப்போயிருந்தது. எதிராளி கோலுக்குப் பக்கத்தில் தப்பாட்டம் ஆடி எங்கள் புதுக்கோட்டை டீமுக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தால் ஓரத்திலிருந்து ஒருத்தர் பந்தைத் தள்ளிவிடுவார். நான் குனிந்து அதைக் கையால் நிறுத்திவிட்டுச் சட்டென்று கையை எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த நொடி அய்யாக்கண்ணு அடிப்பான். அந்தக் காற்று என் விரலில் படும். மற்றவர்கள் கண்ணால் பார்த்துப் பேசுகிறார்கள். நான் விரலால் பார்த்தவன்.

ஐம்பத்தெட்டில் எங்களுக்கும் பொன்னமராவதி டீமுக்கும் பைனல். அவர்களுடைய கோல்கீப்பர் மலையாண்டி, அய்யாக்கண்ணுவின் மனைவி செவந்திக்குக் கூடப்பிறந்த ஒரே அண்ணன். மச்சானும் மாப்பிள்ளையும் அப்படி ஒரு ஒட்டு. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற ஆளிடமெல்லாம் எங்கள் மாப்பிள்ளை அடியைப் பார்த்திருக்கிறீர்களா என்று மலையாண்டி ஆரம்பித்துவிடுவான்.

சிக்கல் என்னவென்றால், பைனலுக்கு அடுத்து வந்த வெள்ளிக்கிழமை செவந்தியின் பிள்ளைக்குக் காதுகுத்து. மாமன் மடியில் உட்கார வைக்காமல் எங்கள் சனத்தில் காது குத்த மாட்டார்கள். முந்தின வருடம்தான் அய்யாக்கண்ணு அடித்த பந்தில் ஒரு கீப்பருக்குக் கை முறிந்திருந்தது. செவந்திக்குச் சோறு இறங்கவில்லை. மெதுவாகத்தான் அடிப்பேன் என்று புருஷனிடம் வாக்கு வாங்கினாள். அது போதாதென்று என் வீட்டுக்கும் வந்துவிட்டாள்.

"அண்ணே, நீங்க நிறுத்துனாத்தான அவுக அடிப்பாக. பந்த நிறுத்தாம விட்டுருங்களேன். எம்புள்ளைக்கு வேற மாமன் இல்லண்ணே."

என் தொழிலையே விடச் சொல்கிறாள். கோபப்பட்டிருக்க வேண்டும். பாவமாக இருந்ததால், பார்க்கலாம் தங்கச்சி என்று மழுப்பி அனுப்பிவைத்தேன்.

ஆட்டத்தில் முதல் கார்னர் கிடைத்தது. நான் ஒழுங்காகத்தான் நிறுத்தினேன். அய்யாக்கண்ணு பந்தை உருட்டிவிட்டான். மலையாண்டி அதைக் காலால் ஓரமாகத் தட்டிவிட்டான். கூட்டம் ஊளையிட்டது. பந்து வெளியே போனதும் மலையாண்டி கோலை விட்டு விறுவிறுவென்று எங்களிடம் வந்தான்.

"என்ன மாப்ள, தடவிக் குடுக்குறீங்க? ஒங்க அடியப் பாத்துத்தான் எந்தங்கச்சியக் குடுத்தேன். இன்னொரு தடவ இப்புடி உருட்டிவிட்டீங்கன்னா வெள்ளிக்கிழமைக்கு வேற எங்கிட்டாவது மடியத் தேடிக்கங்க."

அய்யாக்கண்ணு முகம் செத்துப்போயிற்று. அடித்தால் மச்சானுக்கு அடிபடும், அடிக்காவிட்டால் மச்சான் மடியே கிடையாது. இரண்டில் எதைச் செய்தாலும் வீட்டில் செவந்திக்குப் பதில் சொல்ல வேண்டும். கடைசி நேரத்தில் இன்னொரு கார்னர் கிடைத்தபோது என்னண்ணே செய்ய என்று என்னிடம் கேட்டான். ஆளை அவமானப்படுத்துவதைவிட உடம்பைப் பழுக்க வைப்பது மேல் என்று சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அடித்தான். கோல் பலகையில் படுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன், அது கேட்கவில்லை. காலில் கட்டியிருந்த பேடுக்கு மேலே, தொடையில் வாங்கிக்கொண்டு மலையாண்டி பந்தின் மேலேயே விழுந்து கிடந்தான். கோல் இல்லை, ஆட்டமும் இரண்டு பக்கமும் கோலே விழாமல் முடிந்தது. எழுந்திருக்க முடியாமல் கிடந்தவன் சிரித்தான். கப்பை அவர்கள் பாதி வருடமும் நாங்கள் பாதி வருடமும் வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனதில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள்.

எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் தொடை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிவிட்டது. காலை மடக்கவே முடியவில்லை. செவந்தி புருஷனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். தட்டை வைப்பாள், போய்விடுவாள்.

வெள்ளிக்கிழமை திருமயம் பக்கத்தில் அவர்கள் குலதெய்வக் கோயிலில் கூடினோம். மலையாண்டி கட்டை வண்டியில் காலை நீட்டியபடி சீர்வரிசையோடு வந்து இறங்கினான். பாயில் உட்கார்ந்தான். கால் மடங்காமல் மடி எங்கே வரும்? நீட்டிய கால் தரையில் பட்டாலே வலியில் துடித்தான். பெரியவர்கள் தள்ளிவைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவன் ஒரே பிடியாக மாட்டேன் என்றான். செவந்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

அப்போது அய்யாக்கண்ணு போய் மச்சானுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. பெண் கொடுத்த வீட்டார்தான் மாப்பிள்ளைக்குப் பணிந்து நடப்பார்கள். இங்கே மாப்பிள்ளை மடியில் மச்சான் கால். மலையாண்டி பதறிக்கொண்டு காலை இழுத்தான். அய்யாக்கண்ணு விடவில்லை. டயர் கழற்றுகிற கை, இழுத்தால் வருமா?

"சரி, புடிங்க," என்றான் மலையாண்டி. "இப்பத்தான் மாப்ள மெதுவாப் புடிக்கணும்."

நீட்டிய காலுக்கு மேல், மாமன் வயிற்றில் சாய்ந்தபடி பிள்ளை உட்கார்ந்தது. ஆசாரி ஊசியை எடுத்துக் குத்தினார். பிள்ளை வீறிட்டுக் காலை உதைத்தது, அதுவும் சரியாக அந்த வீக்கத்திலேயே. மலையாண்டி பிள்ளையைவிடச் சத்தமாக அலறினான், ஆனால் பிடித்த கையைத் தளர்த்தவில்லை. அவன் காலைப் பிடித்துக்கொண்டு அய்யாக்கண்ணு தேம்பித் தேம்பி அழுதான். அத்தனை பெரிய ஆள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

செவந்தி வந்தாள். பிள்ளையிடம் போவாள் என்று நினைத்தோம். புருஷன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழுதது போதும். அண்ணன் காலக் கெட்டியாப் புடிங்க," என்றாள். "இன்னொரு காது இருக்கு."